மூளைப் படம் ஒன்றைக் காட்டித் தோட்டப் பிள்ளைகளின் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியுமா?

தலவாக்கலை ஆசிரியர் எழுதியது:

வணக்கம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் 11 ஆண்டுகளாக ஆரம்பப் பிரிவில் கற்பித்து வருகிறேன். இந்த வருடம் தரம் 5 என் பொறுப்பில் இருக்கிறது. விடயம் தெரிந்தவர்களிடம் ஒரு விளக்கம் கேட்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் எங்கள் பெற்றோர் கூட்டத்தில் பேசுவதற்கு வெளியிலிருந்து ஒரு வளவாளர் வந்திருந்தார். அவர் இரண்டு மூளைப் படங்களை அருகருகே திரையில் காட்டி, இரண்டுமே 3 வயதுப் பிள்ளைகளுடையவை என்றார். இடப்பக்கத்துப் படம் பெரிதாகவும் நிறைவாகவும் இருந்தது. வலப்பக்கத்தில் இருந்தது சிறுத்து, நடுவில் கறுப்பு வெற்றிடங்கள் அகன்று, ஓரமெல்லாம் சுருங்கிப்போய்க் காணப்பட்டது. வறுமையில் வளரும் பிள்ளையின் மூளை வலப்பக்கத்துப் படம் போல ஆகிவிடுகிறது என்றும், 5 வயதோடு மூளை வளர்ச்சி முடிந்துவிடுவதால் அதற்குப் பிறகு ஆசிரியர் எவ்வளவு பாடுபட்டாலும் அது விழலுக்கு இறைத்த நீர்தான் என்றும் அவர் சொன்னார். மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்து லயத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்த பின்பு ஒரு தாய் என்னிடம் வந்தார். பகல் கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு நேரே வந்தவர், இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. "சேர், எம் புள்ளைக்கும் மூளை இப்படித்தான் ஓட்ட ஓட்டயா இருக்குமா?" என்று கேட்டார். அவருடைய மகள் என் வகுப்பில் பின்னக் கணக்கைக் கரும்பலகையில் மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற பிள்ளை. அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லி அனுப்பினேனே தவிர, ஏன் இருக்காது என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கவில்லை. அந்தப் படம் எங்கிருந்து வந்தது? 5 வயதோடு மூளை வளர்ச்சி நின்றுவிடுவது உண்மையா? ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒரு பிள்ளையின் திறமையைச் சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் விளக்கினால் அந்தத் தாய்க்கும் ஒரு பதில் கிடைக்கும்.

ஊவாச்சாரல் எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஹாலிஎலவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது வெளிநாட்டில், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை எம்.ஆர்.ஐ. படங்கள் மூலம் ஆராயும் குழுவொன்றில் வேலை செய்கிறேன். அந்தத் தாயின் கேள்வியை வாசித்த பிறகு வேறு வேலை ஓடவில்லை. ஆகவே அதற்கே முதலில் பதில் எழுதுகிறேன். அவருடைய மகளின் மூளை அந்தப் படத்தைப் போல இருக்காது. அந்தப் படத்துக்கும் தோட்டத்து வறுமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அது அமெரிக்கச் சிறுவர் மனநல மருத்துவர் புரூஸ் பெரி 1997இல் வெளியிட்ட படமாகத்தான் இருக்க வேண்டும். அது எக்ஸ் கதிரைக் கொண்டு எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் படம். வலப்பக்கத்துப் பிள்ளை வெறுமனே ஏழ்மையில் வளர்ந்த பிள்ளை அல்ல. பேச்சு, தொடுகை, விளையாட்டு, மனித முகம் என்று ஒரு குழந்தைக்கு வேண்டிய அனைத்தும் ஏறத்தாழ முழுமையாக மறுக்கப்பட்டு, மிகக் கொடிய புறக்கணிப்புக்கு உள்ளான பிள்ளை. நம் லயத்துப் பிள்ளையோ பாட்டியின் மடியில் கிடந்து, அடுத்த காம்பராவில் பேசுவதையும் சுவர் வழியே கேட்டு, பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு வாசலில் புரண்டு வளர்கிறது. அதற்குக் குறைகள் உண்டு, அவற்றை நான் அனுபவித்திருக்கிறேன். ஆனால் பேச்சும் அரவணைப்பும் அங்கே பஞ்சமில்லை. யாருமே பேசாமல் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பிள்ளையின் படத்தை எடுத்து ஒரு சமூகத்தின் மீது ஒட்டியது பெரும் தவறு.

5 வயது என்ற கணக்கு பாதி உண்மையிலிருந்து பிறந்தது. மூளையின் பருமன் 5, 6 வயதுக்குள் வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. பருமன் எட்டிவிட்டது என்பதற்காக வேலை முடிந்துவிட்டது என்று நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றிய ஆய்வுகளில் முக்கியமானது அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவகத்தில் ஜே கீட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் செய்தது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவதில்லை. உடலிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கள் வலிய காந்தப் புலத்துக்குள் ரேடியோ அலைக்குக் காட்டும் பிரதிபலிப்பிலிருந்தே படத்தை உருவாக்குகிறது. ஆதலால் ஆரோக்கியமான ஒரே பிள்ளையை இரண்டாண்டுக்கு ஒரு தடவை அழைத்து மீண்டும் மீண்டும் படமெடுக்க அவர்களால் முடிந்தது. 1999இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 4 வயது முதல் 21 வயது வரையிலான 145 பேரின் 243 ஸ்கேன்கள் இருந்தன. மூளையின் முன்பகுதியில் நரம்புக் கலங்கள் செறிந்திருக்கும் சாம்பல் நிறப் பொருள் சிறு வயதில் கூடிக்கொண்டே போய், பெண் பிள்ளைகளில் 11 வயதளவிலும் ஆண் பிள்ளைகளில் 12 வயதளவிலும் உச்சத்தைத் தொட்டு, பின்பு மெல்லக் குறையத் தொடங்குவதை அவர்கள் கண்டார்கள். திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல், பின்விளைவை எண்ணிப் பார்த்தல் போன்றவற்றுக்குத் துணை நிற்கும் பகுதி அது.

பின்வந்த பெரிய ஆய்வுகள் அந்த வயதுக் கணக்கைத் திருத்தியிருக்கின்றன. 2022இல் உலகின் பல நாடுகளிலிருந்து ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் 1,23,984 ஸ்கேன்களைத் திரட்டி, கருவிலிருந்து 100 வயது வரைக்குமான மூளை வளர்ச்சி வரைபடம் ஒன்று வெளியானது. கிளினிக்கில் பிள்ளையின் நிறையைக் குறிக்கும் வளைகோடு போன்றதுதான் அதுவும். அதன்படி மூளை முழுவதிலுமுள்ள சாம்பல் நிறப் பொருள் 6 வயதளவில் உச்சத்தை அடைகிறது. ஆனால் மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்ணிறப் பொருளோ 29 வயதை நெருங்கும் வரை கூடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் வகுப்பிலுள்ள 10 வயதுப் பிள்ளையின் மூளை பாதி வழியில்தான் இருக்கிறது, சேர்.

தனியொரு பிள்ளையை ஸ்கேன் எடுத்துத் திறமையைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. ஏன் முடியாது என்பதற்கு நான் அன்றாடம் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். சிறு பிள்ளை அந்தக் குழாய்க்குள் படுத்ததும் தகரக் கூரையில் சம்மட்டியால் அடிப்பது போன்ற சத்தம் கேட்கும். அதனால் முதலில் ஒரு போலி இயந்திரத்தில் படுக்கவைத்துப் பழக்குவோம். காதுக்குப் பஞ்சு வைத்து, கண்ணுக்கு நேரே கார்ட்டூன் ஓடவிட்டு, சிலை விளையாட்டு விளையாடுவோம். அப்படியும் மூக்கு அரிக்கும், கால் ஆடும். தலை சில மில்லிமீற்றர் அசைந்தால் போதும், படம் மங்கிவிடும். மங்கிய படத்தைக் கணினி அளக்கும்போது மூளையின் மேற்படை உண்மையில் இருப்பதைவிட மெலிந்ததாகக் கணக்கில் வந்துவிடுகிறது. துருதுருவென்று இருக்கிற பிள்ளைக்கு மூளை குறைவு என்று இயந்திரம் சொல்லிவிடக் கூடிய இடம் இது. இதைக் கண்டுபிடித்துக் கழிப்பதிலேயே எங்கள் நேரத்தில் பெரும் பங்கு போகிறது.

வறுமையைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2015இல் கிம்பர்லி நோபல், எலிசபெத் சோவெல் ஆகிய இரு விஞ்ஞானிகளின் குழு, அமெரிக்காவில் 3 வயது முதல் 20 வயது வரையிலான 1,099 பேரை ஆராய்ந்து, குடும்ப வருமானத்துக்கும் மூளை மேற்படையின் பரப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. மிக ஏழ்மையான குடும்பங்களில் வருமானத்தில் ஏற்படும் சிறு வேறுபாடுகூடப் பரப்பில் பெரிய வேறுபாட்டோடு சேர்ந்து காணப்பட்டது. ஆனால் அது ஆயிரம் பேரின் சராசரி. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் மிகப் பெரிய பரப்புள்ளவர்களும், வசதியான குடும்பத்துப் பிள்ளைகளில் சிறிய பரப்புள்ளவர்களும் அதே ஆய்வில் இருந்தார்கள். 2022இல் ஸ்கொட் மாரெக் முதலானோர் ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை அலசி, மூளையின் அமைப்புக்கும் மனிதரின் திறமைக்கும் இடையிலான தொடர்பு மிக மெல்லியது, அதை நம்பகமாகக் காண்பதற்கே ஆயிரக்கணக்கானோர் தேவை என்று நிறுவினார்கள். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை, ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

குடும்பநல உத்தியோகத்தர், பொகவந்தலாவை எழுதியது:

ஊவாச்சாரல் தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன், மிகவும் நன்றி. ஆனாலும் களத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்காமல் போனால் என் மனம் ஆறாது. அந்த வளவாளர் சொன்ன முறை தவறு. அதற்காக முதல் இரண்டு, மூன்று வருடங்களைப் பற்றிய கவலையை நாம் விட்டுவிடக் கூடாது.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் அது ஏறத்தாழ 32 சதவீதம். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் நீளம் அளக்கும் பலகையில் குழந்தையைக் கிடத்தி, ஆயா தலையைப் பிடித்துக்கொள்ள, நான் முழங்காலை மெல்ல அழுத்திக் குதிக்காலுக்குச் சட்டத்தை நகர்த்தும்போது, பதிவேட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும், போன முறை நின்ற இடத்திலேயே கோடு நிற்கிறது என்று. தாய்க்குக் கர்ப்ப காலத்திலேயே குருதிச்சோகை. பிள்ளைக்கும் இரும்புச்சத்து போதாது. மூளை நரம்புகளுக்கு உறை போடவும், அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பவும் இரும்புச்சத்து வேண்டும். திரிபோஷா என்னும் சத்துமாவை வீட்டிலுள்ள எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுகிற நிலைமையையும் நான் பார்க்கிறேன், அதற்காக எந்தத் தாயையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இதற்கு வழி இருக்கிறது என்பதற்கு ஜமெய்க்கா நாட்டில் நடந்த ஒன்று சாட்சி. 1986, 87ஆம் ஆண்டுகளில் சாலி கிரந்தம்-மக்கிரெகர் என்ற மருத்துவ ஆய்வாளர், கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 9 மாதம் முதல் 24 மாதம் வரையான, வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளைத் தெரிவு செய்தார். சிலருக்குப் பால்மாச் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய்த் தாயோடு சேர்ந்து பிள்ளையை விளையாட வைப்பார், சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லை. இப்படி இரண்டு வருடம் நடந்தது. கடையில் வாங்கிய சாமான் எதுவும் இல்லை, கழித்துப் போட்ட போத்தலும் மூடியும் பெட்டியுமே விளையாட்டுப் பொருள். 20 வருடங்களுக்குப் பிறகு தேடிப் பார்த்தபோது, வீட்டுக்குப் போய் விளையாட வைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக உழைத்துச் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் கிடைத்தவர்களில் அத்தகைய நீண்ட காலப் பலன் காணப்படவில்லை. அந்தப் பணியாளர்கள் என்னைப் போன்றவர்கள், படித்த விஞ்ஞானிகள் அல்லர்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இது: தரம் 5 பெற்றோரில் பலருக்கு வீட்டில் கைக்குழந்தையும் இருக்கும். அவர்களிடம் பயத்தை விதைக்க வேண்டாம், ஆனால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

பூண்டுலோயா பெரியவர் எழுதியது:

நான் 34 ஆண்டுகள் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளே ஊவாச்சாரல், சாம்பல் நிறப் பொருள் 6 வயதுக்குப் பிறகு குறைகிறது என்று எழுதியிருக்கிறாய். குறைவது எப்படி வளர்ச்சியாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. தேயிலையில் கவ்வாத்து வெட்டுவது போன்றதா இது? வெட்டிய மலையைப் புதிதாகப் பார்ப்பவர் எல்லாம் அழிந்துபோயிற்று என்றுதான் நினைப்பார். சில மாதத்தில் அதே அடிமரத்திலிருந்து கொழுந்து வரும்போதுதான் அதன் பயன் புரியும்.

ஊவாச்சாரல் எழுதியது:

ஐயா, எங்கள் துறையில் வழங்கும் சொல்லும் கவ்வாத்து என்ற பொருள் தருவதுதான். சிக்காகோவில் பீட்டர் ஹட்டன்லொக்கர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் துணுக்குகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து, நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 1979இல் அவர் வெளியிட்டதன்படி, மூளையின் முன்பகுதியில் அந்த இணைப்புகளின் அடர்த்தி 1, 2 வயதளவில் வளர்ந்தவரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்து, 16 வயது வரைக்கும் படிப்படியாகக் குறைகிறது. குழந்தை மூளை தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டுவிட்டு, அதிகம் பயன்படுபவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்கிறது.

ஆனால் கவ்வாத்திலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகிறது. தோட்டத்தில் ஒரு மலையை எடுத்தால் அதை முழுவதுமாக ஒரே பருவத்தில் வெட்டி முடிப்பீர்கள். மூளையில் பார்வைக்கும் தொடுகைக்கும் உரிய பகுதிகள் முதலிலும், முன்பகுதி கடைசியிலுமாக, வருடக் கணக்கில் அது நடக்கிறது. 2004இல் 13 பிள்ளைகளை 4 வயதிலிருந்து தொடர்ந்து படமெடுத்து இந்த வரிசையைக் காட்டினார்கள். அத்தோடு, எம்.ஆர்.ஐ. படத்தில் இந்த இணைப்புகள் தெரியவே மாட்டா. படத்தில் எங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறிய புள்ளி ஏறத்தாழ ஒரு கன மில்லிமீற்றர். அதற்குள் பல ஆயிரம் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. படத்தில் சாம்பல் நிறம் குறைவதில் ஒரு பங்கு, கழிப்பே அல்ல. நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்பு உறை ஏறும்போது, முன்பு சாம்பல் நிறமாகத் தெரிந்த ஓரம் வெண்மையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உறை ஏறிய இழையில் செய்தி பல மடங்கு விரைவாக ஓடும். ஆகவே குறைவது போல் தோன்றுவதில் கூடுவதும் அடங்கியிருக்கிறது.

பொகவந்தலாவை அக்கா எழுதியதை முழு மனதோடு ஏற்கிறேன், அதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். உருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைச் சீட்டுக் குலுக்கி வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வும் அதையே சொல்கிறது. 2 வயதுக்கு முன்பு குடும்பத்துக்குப் போனவர்கள் பல வகையிலும் கூடுதலாகத் தேறினார்கள். 8 வயதுக்கு மேல் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில், குடும்பத்தில் வளர்ந்தவர்களின் வெண்ணிறப் பொருள் சாதாரணப் பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தது; சாம்பல் நிறப் பொருளின் குறை நீங்கவில்லை. முற்கூட்டிக் கொடுப்பது நல்லது என்பதும், பிந்திக் கொடுத்தது வீண்போகவில்லை என்பதும் ஒரே ஆய்வில் இருக்கின்றன.

தலவாக்கலை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று அந்தத் தாயைப் பாடசாலைக்கு அழைத்து, அந்தப் படம் யாருடையது, எப்படிப்பட்ட பிள்ளையுடையது என்பதைச் சொன்னேன். நீண்ட நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அந்தப் புள்ளய யாரு சேர் அப்பிடி வுட்டது?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு அவருடைய மகள் கணக்குச் செய்யும் கொப்பியைக் காட்டினேன். அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தான் பாடசாலைக்கு இரண்டு வருடம்தான் போனதாகவும், இப்போது கையெழுத்துப் போடுவதைத் தவிர மற்ற எழுத்தெல்லாம் மறந்துவிட்டதாகவும், இனிப் படித்தால் தன் மூளையில் அது ஏறுமா என்றும் கேட்டார். இதை ஊவாச்சாரல் அவர்களிடமே ஒப்படைக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு எங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரையும் அழைத்திருக்கிறேன்.

ஊவாச்சாரல் எழுதியது:

சேர், அவருக்கு நேரடியான பதில் இருக்கிறது. 2010இல் ஸ்தானிஸ்லாஸ் தெஹான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் குழு, பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் 63 பேருக்கு எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் எழுத்துகளைக் காட்டிப் பார்த்தது. அவர்களில் 10 பேர் எழுத்தறியாதவர்கள், 31 பேர் சிறு வயதில் படித்தவர்கள், 22 பேர் வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள். எழுத்தைக் கண்டவுடன் இயங்கும் பகுதி ஒன்று மூளையின் இடப்பக்கத்து அடியில் உண்டு; வளர்ந்த பிறகு கற்றவர்களிலும் அது எழுத்துக்குப் பழகியிருந்தது. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு வட இந்தியாவில் லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் நடந்தது. ஒருநாளும் பாடசாலையில் எழுத்துப் படிக்காத வயதுவந்தவர்களுக்கு 6 மாதம் இந்தி எழுத்தைச் சொல்லிக் கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த 6 மாதத்துக்குள் பார்வைக்குரிய மேற்படைக்கும், மூளையின் ஆழத்தில் கண்ணை வழிநடத்தும் பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு வலுத்திருந்தது.

அவர் விட்ட இடம் இரண்டாம் வருடம் என்றால், மகளின் பழைய தரம் 2 தமிழ்ப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதிலிருந்தே தொடங்கலாம், சொல்லிக் கொடுக்க மகள் இருக்கிறாள்.